கருமலிங்கம் செய்த வேலை

பிள்ளைகளே,

நம் ஜெனரேட்டர் பட்டறையின் பழைய சர்வீஸ் நோட்டுகளைப் புரட்டிவிட்டு மீனாவிடம் ஒரு கேள்வி கேட்டீர்களாம். "இந்தக் கருமலிங்கம் யாருக்கா? பக்கத்துக்குப் பக்கம் இவரு பேருதான் இருக்கு. இத்தன மெஷினக் கெடுத்த ஆள ஏன் வேலையில வச்சிருந்தாங்க?" சாப்பிடும்போது என் மகள் இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள், "இன்னொண்ணும் கேட்டாங்கப்பா. ஒரே ஒரு எடத்துல கருமலிங்கத்த அடிச்சிட்டு ஒங்க பேர எழுதியிருக்கு, அது ஏன்னு. எனக்கும் தெரியல," என்றாள். பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஏழாவது வரை படித்தவன். எழுத வருவது தமிழ் மட்டும்தான். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஒரு பெயரை எழுத்துக்கூட்டுகிற அளவுக்குத்தான் ஏறும். மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. மீனா பர்மியத்தில் படித்துச் சொல்வாள். அவளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அப்பா என்பதற்காக எந்த வரியையும் பூசி மெழுகிப் படிக்காதே.

கருமலிங்கம் என்று ஓர் ஆள் கிடையாது. அது ஒரு குட்டிப் பேய்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். அவருடைய அப்பா இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இந்த ஊர் மிங்கலாடோன் விமானத் திடலில் கூலியாக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கோளாறு என்னவென்று பிடிபடாத போதெல்லாம் 'கிரெம்லின்' என்று ஒரு பெயரைச் சொல்வார்களாம். முழங்கால் உயரம்கூட இருக்காதாம். பெட்ரோலைக் குடிக்குமாம், ஒயரைக் கடிக்குமாம், விமானம் இறங்குகிற நேரம் பார்த்து ஓடுபாதையையே ரெண்டு அடி கீழே இழுத்துவிடுமாம். முதலில் எதிரிதான் இதை அனுப்புகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் எதிரியின் விமானத்திலும் இதே கோளாறு என்று தெரிந்ததாம். ஆக, அதற்குக் கட்சி கிடையாது. மெஷின் எங்கே உண்டோ அங்கே அதுவும் உண்டு.

திடலில் வேலை பார்த்த நம் ஆட்கள் காதில் 'கிரெம்லின்' எப்படி விழுந்ததோ, அவர்கள் வாயில் கருமலிங்கம் ஆகிவிட்டது. ஊரில் அந்த மாதிரிப் பெயருள்ள மாமன் மச்சான் எல்லோருக்கும் இருந்திருப்பான். பெயர் வைத்த பிறகு சும்மா விடுவார்களா? கருமலிங்கத்துக்குப் பீடி பிடிக்கும் என்றார்கள். இறக்கைக்கு அடியில் ஒரு பீடியும் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரனே மறுநாள் விமானத்தில் ஏறும்போது, "பீடி வைத்தாயா?" என்று சைகையில் கேட்டானாம்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மீனாவைப் போனில் தேடச் சொன்னேன். விமானப் படைக்காரர்கள் அந்தச் சண்டைக்கும் முன்னாலேயே, தூர தேசத் திடல்களில் இருந்தபோதே, சொல்ல ஆரம்பித்தார்களாம். தொல்லை கொடுப்பது என்று பொருள்படும் பழைய சொல் ஒன்றிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு பீர் பாட்டிலின் பெயரோடு குட்டிச்சாத்தான் பெயரை ஒட்டவைத்ததுதான் என்று வேறு சிலர். ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அது ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். மேலே போகிறவன் உயிர் கீழே ஸ்பானர் பிடிக்கிறவன் கையில். "நீதானே ஒழுங்கா முடுக்கல?" என்று ஒருவன் கேட்டுவிட்டால், மறுநாள் அதே ஆள் முடுக்கிய விமானத்தில் அவன் எப்படி ஏறுவான்? அதனால் பழியைத் தூக்கி மூன்றாவது ஆள் தலையில் போட்டார்கள். அவன் கண்ணுக்குத் தெரியாதவன், எத்தனை போட்டாலும் தாங்குவான்.

எங்கள் பட்டறையிலும் அதற்குத்தான் அவன் வேலைக்கு வந்தான். நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? காரணம் தெரியாவிட்டால், தெரிந்தும் சொல்ல முடியாவிட்டால், கருமலிங்கம். அப்போதைய முதலாளி சீனக்காரர். அது தமிழில் ஏதோ மெஷின் சாமானின் பெயர் என்று வெகுநாள் நினைத்திருந்தார். ஒருநாள் நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மேஸ்திரியிடம், "இந்தச் சாமான் அடிக்கடி போகுதே, ஒரு டஜன் வாங்கி வச்சிரலாமா?" என்று கேட்டார். "கடையில கெடைக்காது சயா. எங்காளுங்க வீட்டுலயே செய்றது," என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சேர்ந்த புதிதில் ஓர் அச்சகத்து ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிவிட்டு, அடியில் இருக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் வந்துவிட்டேன். ஆயில் முழுக்க வடிந்து இஞ்சின் இறுகிவிட்டது. மேஸ்திரி நோட்டை எடுத்தார், கருமலிங்கம் என்று எழுதினார், மூடினார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அந்த போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"நோட்டுல எழுதுறது வெளியாளுக்குடா. ஒனக்குள்ள யாரு பேர எழுதிக்கிறேங்கிறது வேற கணக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டா கெட்டுப்போவ."

நான் பல வருஷம் கழித்துக் குழப்பிக்கொண்டேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், அப்போது ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அதை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர், மரியாதையாக எல்லோரும் சயாமா என்போம். மின்சாரம் போகிற நேரமும் வருகிற நேரமும் யாருக்கும் பிடிபடாமல் போன பிறகு, பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தார். மாட்டிக் கொடுத்தவன் நான். அதைப் பார்த்துக்கொண்ட ஆள் கோ டூன். முப்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்துத் தாமுவே பேட்டையில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். நம் ஆட்கள் நடுவிலேயே வளர்ந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். சத்தத்தைக் கேட்டே மெஷினுக்குப் பசியா வயிற்று வலியா என்று சொல்லிவிடுவார்.

டீசல் டாங்கியின் வாயில் ஒரு சல்லடை இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த மெஷினில் அது கிழிந்திருந்தது. "புதுசு கொண்டாறேன்," என்று சொல்லிக் கழற்றி எடுத்து வந்தேன். கொண்டுபோகவில்லை. வேலை, மழை, மறதி. எது என்று சொன்னாலும் சல்லடை அங்கே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். இங்கே வண்டிகளில் நாட் தெய்வத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டுவார்களே, அதே துணியை டாங்கியின் கழுத்தில் கட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமமும் இட்டேன். "நாட் சாமியும் பாத்துப்பாரு, கருமலிங்கமும் கிட்ட வரமாட்டான்," என்றேன். கோ டூன் கும்பிட்டார். துணியின் நுனி டாங்கி வாயோரம் தொங்கியது. அது அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து முதல் தடவை நின்றது. நான் போனபோது ஒரே திருகலில் ஓடிற்று. வால்வைப் பார்த்தேன், பில்டரைப் பார்த்தேன், பம்பைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

"அகோ, துணி காணோம்," என்றார் கோ டூன், அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிடுகிற வழக்கப்படி. "காக்கா தூக்கிருச்சு போல. நாட் சாமிக்குக் கோவம்."

"காக்காவுக்கு என்ன பொண்ணு பாக்க வர்றாங்களா, சேல எடுக்க?" என்று சிரித்துவிட்டுப் புதுத் துணி ஒன்றைக் கட்டினேன். நோட்டில் கருமலிங்கம் என்று எழுதினேன்.

இரண்டாவது தடவையும் அப்படியே. ஓடிக்கொண்டிருந்தது நின்றது, நான் போய்த் தொட்டதும் ஓடிற்று. திரும்பவும் கருமலிங்கம். சயாமா மட்டும் கோ டூனைப் பார்த்த பார்வை சரியில்லை. மெஷின் ஓடாத நேரத்தில் கோ டூன் டீசல் வால்வை மூடி வைப்பார், மூடாவிட்டால் கசியும். திறக்க மறந்துபோய் மெஷினைப் போட்டால், குழாயில் இருக்கிற டீசல் தீர்கிறவரை ஓடிவிட்டு நிற்கும். மறந்து தொலைத்துவிட்டு, மெக்கானிக் வருவதற்குள் திறந்து வைத்துவிடுகிறான் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் நியாயமாகத்தான் படும்.

மூன்றாவது தடவை பகல் இரண்டு மணி. உள்ளே ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்திருந்தார்கள். மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஓடியது, பாதியில் நின்றது. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது நர்சுகள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. கோ டூன் இஞ்சினைத் திருகிக்கொண்டிருந்தார். நான் வாங்கித் திருகினேன். ஓடிற்று. என்னவோ நான்தான் மந்திரம் போட்ட மாதிரி.

குழந்தை பிழைத்தது. தாய்க்கு ரத்தம் மிகவும் போய்விட்டது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை, இன்றுவரை.

சயாமா கையுறையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மெஷின் தப்பா, ஆள் தப்பா? ஒண்ணு சொல்லு."

"வால்வு தொறந்துதான் இருந்துச்சு, சயாமா," என்றார் கோ டூன். என் பக்கம் திரும்பினார். "அகோ, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

நான் வந்தபோது வால்வு திறந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் அப்போது பட்டது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல, சயாமா," என்றேன்.

பிள்ளைகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 'எனக்குத் தெரியல' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பதை மெஷினில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சயாமாவுக்குக் கருமலிங்கத்தைத் தெரியாது. மெஷின் தப்பில்லை என்றால் அவருக்கு மிச்சம் இருந்தது ஓர் ஆள்தான். அன்று மாலையே கோ டூனைப் போகச் சொல்லிவிட்டார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார் கோ டூன். என் மேல் கோபம்கூட இல்லை அவருக்கு. "பில்டர்ல தண்ணி சேரும், வாரம் ஒருக்கா பாருங்க," என்றார்.

இரண்டு வாரம் போனது. புது ஆள் வந்திருந்தான். ஒரு திங்கட்கிழமை, அவன் கண் முன்னாலேயே, வால்வு திறந்திருக்க, மெஷின் நின்றது.

நான் போய், அவனை வெளியே அனுப்பிவிட்டு டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தேன். டீசல் முழுக்க வடிந்த பிறகு, கடைசியில், கொழகொழவென்று வந்து விழுந்தது அந்தத் துணி. முதல் துணி. டீசல் ஊற்றும்போது முடிச்சு நழுவி, புனலோடு உள்ளே போயிருக்கிறது. சல்லடை இருந்திருந்தால் போயிருக்காது. மெஷின் ஓடி டீசலை இழுக்கும்போது துணி மெதுவாக நகர்ந்து வந்து துளையில் ஒட்டிக்கொள்ளும். மெஷின் நிற்கும். இழுப்பு நின்றதும் துணி விலகி மிதக்கும். நாங்கள் போய்ப் பார்த்தால் எல்லாம் சுத்தம். முழங்கால் உயரம், பீடி, எலுமிச்சம்பழம் எல்லாம் பொய். கருமலிங்கம் ஒரு முழம் துணி. அவனை விரட்டுவதற்கென்று நான் என் கையாலேயே கட்டியது.

அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். துணியைப் பிழிந்து, மடித்து, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாங்கியை மாட்டினேன். பட்டறைக்கு வந்து நோட்டைத் திறந்தேன். காரணம் என்ற கட்டத்தில் என் கை கருமலிங்கம் என்று எழுதியது. பழக்கம் என்று சொல்லலாம். பழக்கம் இல்லை. நன்றாகத் தெரிந்துதான் எழுதினேன்.

செவ்வாய், புதன், வியாழன் போயின. துணியைத் தூக்கிப் போடவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், சயாமா நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளினேன். மீனா, உன் அம்மா "பையெல்லாம் டீசல் நாத்தம்," என்று திட்டியது உனக்கு நினைவிருக்கலாம்.

மேஸ்திரி அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். கண் மங்கிவிட்டது, ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் பட்டறைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அந்த வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"பையில என்னடா?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி."

"கண்ணுதான்டா போச்சு, மூக்கு இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். நுனியில் முடிச்சு போட்ட சுருக்கம் அவர் விரலுக்குத் தெரிந்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்த ஆளுக்குப் புள்ளைங்க எத்தன?"

"ரெண்டு."

"கருமலிங்கத்துக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாதுடா. அதனாலதான் அவன் தலையில போட்டோம்." துணியை என் மடியில் வைத்தார். டீயை முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் சயாமாவிடம் போய்த் துணியை மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் அதை விரித்துப் பார்த்தார். "எப்ப கெடச்சது?" என்றார். "திங்கக்கெழம." துணியை என் பக்கம் தள்ளினார். "கோ டூன வரச் சொல்லு. மன்னிப்ப எங்கிட்டக் கேக்க வேணாம், மொதல்ல அவருகிட்டப் போ."

தாமுவேயில் வீட்டைக் கண்டுபிடித்துப் படியேறினேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. இடுப்பில் சின்னது, கதவைப் பிடித்துக்கொண்டு பெரியது.

"அவரு இல்ல. தாய்லாந்து பக்கம் வேலைக்குப் போயிட்டாரு. ஏஜென்ட் வந்து கூட்டிட்டுப் போனான்."

"எப்ப?"

"வியாழக்கெழம."

திங்கட்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் வியாழக்கிழமை வந்திருக்காது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பர்மியத்தில், சல்லடையிலிருந்து ஆரம்பித்து. அந்த அம்மா துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். அழுவார் அல்லது என்னை அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"பை தூக்கிட்டுக் கெளம்பும்போதும் அதையேதான் சொன்னாரு," என்றார். "வால்வு தொறந்துதான் இருந்துச்சுன்னு. அவரு தூங்கியிருப்பாருன்னு நான் சொன்னேன். நானே நம்பல."

பிறகு, "இத நான் வச்சுக்கட்டுமா? வந்தா காட்டணும்," என்று கேட்டார்.

கொடுத்துவிட்டு வந்தேன். பட்டறைக்கு வந்து நோட்டில் அந்தப் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். நீங்கள் பார்த்தது அதுதான். அதற்குப் பிறகு அந்த நோட்டுகளில் கருமலிங்கம் வரமாட்டான், தேடிப் பாருங்கள். 'தெரியவில்லை' என்று வரும், நிறைய வரும். அப்படி எழுதிய மெஷினை நாங்கள் விட்டதில்லை, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தோம். கருமலிங்கம் என்று எழுதிய மெஷினை ஒருநாளும் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை.

நாற்பது நாள் கழித்து கோ டூன் எனக்குப் போன் செய்தார். பின்னால் ஏதோ பெரிய இஞ்சினின் சத்தம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"என் வீட்டுல சொல்லிட்டீங்களா அகோ?"

"சொல்லிட்டேன்."

"நம்புனாளா?"

"நம்புனாங்க."

"அப்பச் சரி," என்றார். லைன் கட் ஆயிற்று. அந்த நம்பர் பிறகு கிடைக்கவே இல்லை.

தாமுவே பக்கம் நீங்கள் அடிக்கடி வேலைக்குப் போகிறீர்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படியேறிவிட்டு வருவேன். இப்போது முழங்கால் விடுவதில்லை. உங்களில் யாராவது போனால் மூன்றாவது மாடியில் கதவைத் தட்டி, கோ டூன் வந்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். துணி அங்கேதான் இருக்கிறது, துவைத்து மடித்து, பெட்டியின் மேல். கடைசியாக நான் போனபோது அவர் இன்னும் வந்திருக்கவில்லை.